'டிஃபிகல்ட்' என்ற சொல்லுக்கு எழுவாய் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவந்த ஆங்கில மாதிரி வினாத்தாளில், 'இட்' என்று தொடங்கும் வாக்கியங்களை அச்சொல் இல்லாமல் மாற்றி எழுதச் சொல்லும் பயிற்சி ஒன்று இருந்தது. முதல் வாக்கியம், 'இட் வாஸ் ஃபூலிஷ் ஆஃப் தி டிரைவர் டு இக்னோர் தி சிக்னல்' என்பது. அதற்கு 'தி டிரைவர் வாஸ் ஃபூலிஷ் டு இக்னோர் தி சிக்னல்' என்று விடை தந்திருந்தார்கள். அது சரியான விடை. இரண்டாவது வாக்கியம், 'இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் தி வில்லேஜர்ஸ் டு ரீச் தி ஹாஸ்பிடல்' என்பது. அதற்கும் அதே வழியில் 'தி வில்லேஜர்ஸ் ஆர் டிஃபிகல்ட் டு ரீச் தி ஹாஸ்பிடல்' என்று விடைக்குறிப்பு சொல்கிறது. இந்த இரண்டாவது விடை தவறானது. 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அது ஏன் தவறு என்பதையும், நம் பிள்ளைகள் ஏன் மீண்டும் மீண்டும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதையும் விளக்கி எழுத விரும்புகிறேன்.

அந்த விடையிலிருந்து கடைசிச் சொற்களை மட்டும் நீக்கிவிட்டு 'தி வில்லேஜர்ஸ் ஆர் டிஃபிகல்ட் டு ரீச்' என்று எழுதினால் அது பிழையற்ற ஆங்கில வாக்கியம். ஆனால், அதன் பொருள் வேறு. கிராமத்தாரைப் பிறர் சென்றடைவது கடினம் என்பதே அதன் பொருள். வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்ட ஊரைப் பற்றி ஒரு செய்தியாளர் அப்படி எழுதலாம். அந்த வாக்கியத்தில் 'ரீச்' என்ற வினைக்குரிய செயப்படுபொருள் வாக்கியத்தின் தலையில் எழுவாயாகப் போய் அமர்ந்துவிட்டது. ஆகையால் வினைக்குப் பின்னே அதன் இடம் காலியாக இருந்தாக வேண்டும். விடைக்குறிப்போ அந்தக் காலி இடத்தில் மருத்துவமனையைக் கொண்டுவந்து வைக்கிறது. ஆங்கிலம் அறிந்தவர் 'ரீச்' வரை படிக்கும்போது ஒரு பொருளைக் கொள்கிறார். அடுத்த சொல்லில் அந்தப் பொருள் உடைந்து போகிறது. மருத்துவமனைக்குப் போக வழியில்லாமல் தவிக்கும் மக்களைப் பற்றிய வாக்கியம், யாரும் அணுக முடியாத மக்களைப் பற்றிய வாக்கியமாகத் தொடங்கி, எதைப் பற்றியதுமாக இல்லாமல் முடிகிறது.

இதைச் சிறு பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அச்சில் வரும் விடையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் செய்த அமைப்பைப் பத்தாண்டுகள் கழித்து வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பெண், கல்லூரி முடித்தபின் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றாள். இரவுப் பணி குறித்துக் கேட்டபோது, வயதான தாயாரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் இரவில் வேலை செய்வது தனக்குக் கடினம் என்று சொல்ல நினைத்து, 'ஐ ஆம் டிஃபிகல்ட் டு வொர்க் அட் நைட்' என்று சொல்லியிருக்கிறாள். எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். ஏன் சிரித்தார்கள் என்பது அவளுக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு கேட்ட எந்தக் கேள்விக்கும் அவளால் தெளிவாகப் பேச முடியவில்லை. என்னைத் தேடி வந்து, "ஐயா, நான் என்ன தப்பாகச் சொன்னேன்?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் ஒருவரை 'டிஃபிகல்ட்' என்றால் அவர் பிறருக்குத் தொல்லை தருபவர், இணங்கிப் போகாதவர் என்று பொருள்படும் என்பதை அன்று அவளுக்குச் சொன்னேன். அதைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்காமல் போனவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

பிழையின் வேரைத் தேடினால் அது நம் தாய்மொழியில் இருக்கிறது. 'உங்களைச் சந்தித்ததில் எனக்கு மகிழ்ச்சி' என்கிறோம். 'உங்களைச் சந்திப்பது எனக்குக் கடினம்' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையே வருகிறது. மகிழ்ச்சி, கடினம், வருத்தம், எளிது, வசதி, அவசியம், வியப்பு ஆகிய எல்லாவற்றையும் தமிழ் 'கு' உருபு ஏற்ற பெயரோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்துக்கு 'ஐ ஆம் ஹேப்பி டு மீட் யூ' என்று கற்றுக்கொண்ட குழந்தை, இரண்டாவதற்கு 'ஐ ஆம் டிஃபிகல்ட் டு மீட் யூ' என்று எழுதுவதில் வியப்பு என்ன இருக்கிறது? அந்தக் குழந்தை ஒழுங்காகத்தான் சிந்தித்திருக்கிறது. தமிழ் ஒன்றாக வைத்திருப்பதை ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை மட்டும் நாம் அதற்குச் சொல்லவில்லை.

அந்தப் பிரிவினை எளிய ஒரு கேள்வியில் அடங்கும்: பெயரடை குறிக்கும் தன்மை எங்கே குடியிருக்கிறது? மகிழ்ச்சி மனிதருக்குள் இருக்கிறது. ஆவல், தயக்கம், அச்சம், விருப்பம் ஆகியவையும் மனிதருக்குள் இருப்பவை. ஆகவே 'ஹேப்பி', 'ஈகர்', 'ஹெஸிடன்ட்', 'அஃப்ரெய்ட்', 'வில்லிங்' போன்ற சொற்களுக்கு மனிதரே எழுவாயாகலாம். பின்வரும் 'டு' வினையைச் செய்பவரும் அவரே. கடினமோ மனிதருக்குள் இருப்பதில்லை. அது செயலில் இருக்கிறது, அல்லது செயலுக்கு உள்ளாகும் பொருளில் இருக்கிறது. ஆகவே 'ஈஸி', 'ஹார்ட்', 'டிஃபிகல்ட்', 'இம்பாஸிபிள்' போன்றவற்றுக்கு எழுவாயாக வரக்கூடியவை இரண்டே. ஒன்று, 'இட்' என்ற வெற்றுச் சொல்லைத் தலையில் வைத்துச் செயல் முழுவதையும் பின்னால் சொல்வது. மற்றொன்று, அந்தச் செயலுக்கு உள்ளாகும் பொருளை முன்னால் கொண்டுவருவது. செய்பவர் எப்போதும் 'ஃபார்' என்ற சொல்லோடு நடுவில்தான் நிற்பார். தலைமை இடம் அவருக்கு இல்லை.

இந்த இடத்தில் நேரே வகுப்பறைக்குக் கொண்டு செல்லக்கூடிய ஓர் அடையாளம் உண்டு. 'இட்' வாக்கியத்தில் மனிதருக்கு முன் 'ஆஃப்' வந்தால் அவரை எழுவாயாக்கலாம். 'ஃபார்' வந்தால் ஆக்கக் கூடாது. 'இட் வாஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்' என்பதை 'யூ வேர் கைண்ட் டு கம்' என்று மாற்றலாம். வந்தது அன்பான செயல். அந்தச் செயலைச் செய்ததால் வந்தவரும் அன்பானவர் ஆகிறார். 'ஃபூலிஷ்', 'வைஸ்', 'ரூட்', 'கேர்லெஸ்', 'பிரேவ்' எல்லாம் இப்படிச் செயலிலிருந்து செய்தவரிடம் ஒட்டிக்கொள்ளும் குணங்கள். 'இட் வாஸ் ஹார்ட் ஃபார் யூ டு கம்' என்பதில் வருவது கடினமாக இருந்தது என்பதற்காக வந்தவர் கடினமானவர் ஆகிவிட மாட்டார். தங்கள் வினாத்தாளின் முதல் வாக்கியத்தில் 'ஆஃப்' இருந்தது, இரண்டாவதில் 'ஃபார்' இருந்தது. விடை எழுதியவர் அந்த ஒரு சொல்லைக் கவனித்திருந்தால் போதும்.

பெயரடைக்குப் பின் 'டு' வினை வரும் வாக்கியங்கள் எல்லாம் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதை மொழியியலாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். நோம் சாம்ஸ்கி 1960களில் எழுதியவற்றின் வழியே 'ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்', 'ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்' என்ற இரண்டு வாக்கியங்கள் உலகப் புகழ் பெற்றன. ஒரு சொல்லைத் தவிர இரண்டும் ஒன்றே. முதலாவதில் ஜான் பிறரை மகிழ்விக்க ஆவலாக இருக்கிறார். இரண்டாவதில் ஜானைப் பிறர் எளிதில் மகிழ்வித்துவிடலாம். மகிழ்விப்பவர் மகிழ்விக்கப்படுபவராக மாறிவிடுகிறார். வாக்கியத்தின் மேற்பரப்பில் அதற்கான அடையாளம் எதுவுமே இல்லை. 1985இல் ராண்டால்ஃப் க்வெர்க் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல், பெயரடையும் 'டு' வினையும் சேரும் அமைப்பை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டுகிறது. ஏழு வகைகளையும் பத்தாம் வகுப்பில் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே வகைதான் உண்டு என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே இது பிறவியில் வந்துவிடுவதில்லை என்பதை நம் ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்தால் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். கரோல் சாம்ஸ்கி அமெரிக்காவில் 5 முதல் 10 வயது வரையிலான 40 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 1969இல் நூலாக வந்தது. கண் கட்டப்பட்ட ஒரு பொம்மையைக் குழந்தையின் முன் வைத்து, இந்தப் பொம்மை 'ஈஸி டு ஸீ'யா, 'ஹார்ட் டு ஸீ'யா என்று கேட்டார். பொம்மையோ குழந்தையின் கண்ணெதிரே தெளிவாகத் தெரிகிறது. ஆகவே அது 'ஈஸி டு ஸீ'. ஆனால் சிறு குழந்தைகள் பலர் 'ஹார்ட் டு ஸீ' என்றார்கள். பார்ப்பது பொம்மை என்றும், கண் கட்டப்பட்டிருப்பதால் அதற்குப் பார்ப்பது கடினம் என்றும் அவர்கள் கொண்டார்கள். எளிதாக்கிக் காட்டு என்றபோது கட்டை அவிழ்த்தார்கள். கண்கட்டே குழந்தைகளைத் திசைதிருப்பியது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டது நியாயமானதே. எனினும் 1970இல் ரிச்சர்ட் க்ரோமர் ஓநாய், வாத்து ஆகிய இரண்டு கைப்பொம்மைகளைக் கொடுத்து, 'தி வுல்ஃப் இஸ் ஈஸி டு பைட்' என்ற வாக்கியத்தை நடித்துக் காட்டச் சொன்னபோதும், இளைய குழந்தைகள் ஓநாயையே கடிக்க வைத்தார்கள். எழுவாயே செய்பவர் என்பது குழந்தை மனம் முதலில் பற்றும் கொம்பு. அதை விட்டு, 'ஈஸி' போன்ற சொற்களுக்கு எழுவாய் செயலுக்கு உள்ளாகிறவர் என்று உணர அவர்களுக்கும் ஆண்டுகள் பிடிக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளும் இல்லை, சுற்றிலும் அந்த மொழியும் இல்லை. வாரத்துக்குச் சில பாடவேளைகளும் ஒரு விடைக்குறிப்பும்தான் இருக்கின்றன.

ஆனால் இந்த அமைப்பு தமிழுக்கு அந்நியமானதா என்றால் இல்லை என்பேன். கற்பிப்பவர்கள் பயன்படுத்தாமல் விட்டுவிடும் பெரிய வசதி இதில் இருக்கிறது. 'பழக இனியவர்' என்று ஒருவரைச் சொல்கிறோம். பழகுகிறவர்கள் நாம், இனியவர் அவர். 'பார்க்க அழகு', 'சொல்ல எளிது', 'எழுத அரிது' எல்லாம் செய என்னும் வாய்பாட்டு எச்சத்தோடு வரும் இதே அமைப்புகள்தாம். குறளின் இறைமாட்சி அதிகாரத்தில் 'காட்சிக்கு எளியன்' என்று ஓர் அரசன் வருகிறான். அவன் எளிதாகப் பார்க்கிறவன் என்று எந்தத் தமிழரும் பொருள் கொள்வதில்லை. பிறர் அவனை எளிதாகக் காணலாம் என்றே கொள்கிறோம். முறை வேண்டினார்க்கும் குறை வேண்டினார்க்கும் காண்டற்கு எளியன் என்று பரிமேலழகர் உரை விரிக்கும்போது, ஆங்கில வாக்கியத்தின் மூன்று உறுப்புகளும் அங்கே வந்து நிற்கின்றன. எழுவாயாக அரசன், 'ஃபார்' இருக்கும் இடத்தில் 'கு' உருபு ஏற்று நிற்கும் மக்கள், 'டு ஸீ' இருக்கும் இடத்தில் 'காண்டற்கு'. கரோல் சாம்ஸ்கியின் பொம்மை 'ஈஸி டு ஸீ' என்றால், வள்ளுவரின் அரசனும் 'ஈஸி டு ஸீ'. இந்த ஒற்றுமையைச் சொல்லிக் கொடுத்த ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் விளங்கிக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன்.

'இட்' அமைப்புக்கும் குறளிலேயே துணை இருக்கிறது. 'சொல்லுதல் யார்க்கும் எளிய' என்ற 664ஆம் குறளில் எளியவை என்று சொல்லப்படுவது சொல்லுதல் என்ற செயல். மனிதர் 'யார்க்கும்' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். 'இட் இஸ் ஈஸி ஃபார் எனிஒன் டு ஸே' என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியாது. தமிழில் நாம் 'யாரும் எளியர் சொல்ல' என்று சொல்வதில்லை அல்லவா? அதே காரணத்தால்தான் ஆங்கிலத்திலும் 'எனிஒன் இஸ் ஈஸி டு ஸே' என்பது நிற்காது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில் அமர்ந்து இந்தப் பாடத்தைத் தயாரித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பல முறை எண்ணியிருக்கிறேன்.

இருபொருள் தரும் வாக்கியங்களும் இரு மொழிக்கும் பொதுவானவை. 'தி சிக்கன் இஸ் ரெடி டு ஈட்' என்பது ஆங்கில இலக்கண வகுப்புகளில் பழகிப்போன எடுத்துக்காட்டு: கோழி இரை தின்னத் தயாராக இருக்கிறதா, சமைத்த கோழி நாம் உண்ணத் தயாராக இருக்கிறதா? 'கோழி சாப்பிடத் தயார்' என்று தமிழில் சொன்னாலும் அதே ஐயம் எழுகிறது. 'ரெடி' என்ற சொல் செய்பவரையும் ஏற்கும், செய்யப்படுவதையும் ஏற்கும். இத்தகைய சொற்கள் சிலவே.

உண்மையிலேயே தமிழ் நமக்கு உதவாத இடம் ஒன்று உண்டு. அது நிகழக்கூடியது, நிகழ வாய்ப்புள்ளது என்ற பொருளில் வரும் சொற்கள். 'ஹி இஸ் லைக்லி டு கம்' என்பது சரி. 'ஹி இஸ் சர்டன் டு கம்' என்பதும் சரி. 'ஹி இஸ் பாஸிபிள் டு கம்' தவறு. 'ஹி இஸ் ப்ராபபிள் டு கம்' என்பதும் தவறு. 'லைக்லி', 'ப்ராபபிள்' இரண்டும் பொருளில் அண்ணன் தம்பிகள். எழுவாய் விஷயத்தில் மட்டும் தனித்தனி வழியில் போகின்றன. இதற்குப் பொருளை வைத்து விதி சொல்ல முயன்று நான் தோற்றிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் மனத்தில் இருத்திக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. 'ஹி இஸ் ஷுர் டு வின்' என்றால், வெற்றி உறுதி என்று நினைப்பவர் பேசுகிறவர். அவனுக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லாமலும் இருக்கலாம். 'ஹி இஸ் ஷுர் ஆஃப் வின்னிங்' என்றால்தான் அந்த உறுதி அவனுக்கு உரியது. தேர்தல் செய்திகளை மொழிபெயர்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், கட்டுரையாளரின் கணிப்பு வேட்பாளரின் தற்பெருமையாக மாறிவிடும்.

இந்தச் சொற்கள் எழுவாயிடம் எந்தத் தகுதியையும் கேட்பதில்லை என்பதைக் காட்ட ஒரு சோதனை இருக்கிறது. 'தேர்' என்ற பொருளற்ற சொல்லை எழுவாய் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'தேர் இஸ் லைக்லி டு பி எ டிலே' என்று ரயில் நிலையத்தில் அறிவிக்கலாம். 'தேர் இஸ் ஈகர் டு பி எ டிலே' என்று எவரும் சொல்ல முடியாது; ஏனெனில் ஆவல்கொள்ள அங்கே ஓர் உயிர் வேண்டும். இந்தச் சோதனையை மேல்வகுப்பு மாணவர்களிடம் கொடுத்தால் ஆர்வத்தோடு செய்து பார்க்கிறார்கள்.

இனி, செயலுக்கு உள்ளாகும் பொருள் எழுவாயாகும் வாக்கியங்களில் நம்மவர் செய்யும் மற்ற பிழைகள். 'உட்கார வசதியான நாற்காலி' என்ற தொடரில் 'அதில்' என்ற சொல் தேவையில்லை. தமிழ் எச்சம் அதைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'தி சேர் இஸ் கம்ஃபர்டபிள் டு சிட் இன்' என்று அந்த 'இன்' கடைசியில் தனியே நிற்க வேண்டும். 'ஹி இஸ் ஈஸி டு வொர்க் வித்', 'தி ஹவுஸ் இஸ் ப்ளெஸன்ட் டு லிவ் இன்', 'ஷி இஸ் ஈஸி டு டாக் டு' எல்லாம் அப்படியே. வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்ததை நம்பி ஆசிரியர்களே அதை அடித்துவிடுகிறார்கள். அடித்தபின் எஞ்சுவதே பிழையான வாக்கியம்.

நேர் எதிரான பிழை, காலியாக இருக்க வேண்டிய இடத்தை நிரப்புவது. 'தி பாக்ஸ் இஸ் ஸோ ஹெவி தட் ஐ கெனாட் லிஃப்ட் இட்' என்பதை 'டூ', 'டு' சேர்த்து மாற்றும் பயிற்சியை நம் மாநிலத்தில் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். விடை, 'தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி ஃபார் மீ டு லிஃப்ட்' என்பது. கடைசியில் இருந்த 'இட்' விடைபெற்றுக்கொள்ள வேண்டும். நான் திருத்திய தாள்களில் பாதிக்கு மேல் அந்த 'இட்' அங்கேயே இருக்கும். ஏன் நீக்க வேண்டும் என்று சொல்லாமல் நீக்கு என்று மட்டும் சொன்னால், அடுத்த தாளிலும் அது இருக்கத்தான் செய்யும்.

இன்னும் சிலர், புத்தகம் படிக்கப்படுவதுதானே என்று எண்ணி, 'திஸ் புக் இஸ் ஈஸி டு பி ரெட்' என்று எழுதுகிறார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், பேதுருவின் இரண்டாம் நிருபத்தில், 'ஹார்ட் டு பி அண்டர்ஸ்டுட்' என்றே இருக்கிறது. அன்றைய ஆங்கிலத்துக்கு அது இயல்பு. இன்றைய ஆங்கிலம் அந்த வடிவத்தை விட்டுவிட்டு 'ஈஸி டு ரீட்', 'ஹார்ட் டு அண்டர்ஸ்டாண்ட்' என்று நிற்கிறது. மாணவரின் தர்க்கம் பிழையற்றது, வழக்குதான் மாறிவிட்டது என்று சொன்னால் அவர் மனம் நோகாமல் திருத்திக்கொள்வார்.

அலுவலகக் கடிதங்களில் ஏறக்குறைய நிலைத்துவிட்ட ஒரு பிழையையும் குறிப்பிட வேண்டும். 'ப்ளீஸ் கம் வென் யூ ஆர் கன்வீனியன்ட்' என்று படித்தவர்களும் எழுதுகிறார்கள். 'உங்களுக்கு வசதியானபோது' என்ற தமிழே அதற்கு அடி. ஆங்கிலத்தில் வசதி நேரத்துக்கு உரியது. 'வென் இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ' என்றே எழுத வேண்டும். 'ஐ ஆம் நெஸஸரி டு டேக் லீவ்', 'ஐ ஆம் நாட் பாஸிபிள் டு அட்டெண்ட்' என்பனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னதற்கு 'என்னால் வர இயலாது' என்ற தொடர் அடியாக இருக்கிறது. இயலும் தன்மை ஆங்கிலத்தில் மனிதரிடம் இருக்க வேண்டுமானால் 'ஏபிள்' என்ற சொல் அதற்கென்றே காத்திருக்கிறது: 'ஐ ஆம் நாட் ஏபிள் டு அட்டெண்ட்'. 'ஏபிள்' மனிதருக்கு, 'பாஸிபிள்' செயலுக்கு என்று இரண்டையும் ஒரே நாளில் ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும்.

பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள் இந்தத் தேவையை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, சொல்லின் பொருளை மட்டும் சொல்லும் அகராதி மாணவருக்குப் போதாது, அந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்பதும் வேண்டும் என்று கண்டார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்து, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டின் வெளியீடாக உலகம் முழுவதும் பரவியது. நம் பாடநூல்களின் சொற்பட்டியல்களோ இன்றும் 'டிஃபிகல்ட் என்றால் கடினமான' என்பதோடு நின்றுவிடுகின்றன. அந்தச் சமன்பாடு பொய்யில்லை. ஆனால் அதைக் கொண்டு ஒரு வாக்கியமும் எழுத முடியாது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். மாணவர் பக்கத்தில் அருஞ்சொற்பொருள் தரும்போது, 'டு' வினையை ஏற்கும் பெயரடை எதுவாயினும், பொருளோடு ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். அந்த வாக்கியத்தில் 'ஃபார்' வருமா, 'ஆஃப்' வருமா, மனிதர் தலைமை இடத்தில் இருக்கலாமா என்பது தெரிய வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவே. அடுத்து, அந்த மாதிரி வினாத்தாளின் இரண்டாம் விடைக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். பொதுத்தேர்வு நெருங்குவதால் அது விரைவில் வந்தால் நல்லது. சரியான விடை: 'தி ஹாஸ்பிடல் இஸ் டிஃபிகல்ட் ஃபார் தி வில்லேஜர்ஸ் டு ரீச்'. 'ரீச்' என்ற சொல்லோடு வாக்கியம் முடிகிறது; அதன்பின் 'இட்' சேர்த்து எழுதும் மாணவர்களும் இருப்பார்கள் என்பதால், அங்கே எதுவும் வராது என்பதையும் திருத்தத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.